அம்மாவின் படமும் அத்தையின் படமும்

ஏழாம் மாதத்தில் டாக்டர் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பாத்ரூம் போக மட்டும் எழுந்துகொள்ளலாம், மாடிப்படி கூடாது, குடம் தூக்கக் கூடாது, கவலைப்படவும் கூடாது என்றார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. ஏனென்றால் என்னைப் பார்த்துக்கொள்ள இரண்டு அம்மாக்களும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள்.

நாங்கள் நாமக்கல்லில், மோகனூர் சாலையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கணவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசர். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்லூரியில் படித்தபோது பழகி, பின்பு கல்யாணம் செய்துகொண்டவர்கள். கணவர் வீட்டார் மோகனூரில் கரும்பு போடுகிற குடும்பம். என் அப்பாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி. சாதி வேறு. எங்கள் கல்யாணம் நாமக்கல் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தபோது என் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. கணவரின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஒரு முழம் மல்லிகைப் பூவோடு தனியாக வந்து என் தலையில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போடும்வரை என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு எல்லா வீட்டிலும் நடப்பதுபோல நடந்தது. முதலில் அம்மா போனில் பேசினாள். பிறகு ஒரு தீபாவளிக்குத் துணி வந்தது. அப்பாவே ஒருநாள் வந்து, பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் அம்மாவும் அத்தையும் ஒரு கூரையின்கீழ் சேர்ந்தாற்போல இருந்ததே இல்லை. அந்தக் கல்யாண நாளைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

இப்போது இருவரும் வந்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதனால் எல்லாப் பேச்சும் என் கட்டில் வழியாகப் போய்வந்தது.

"உங்க அத்தை காபிக்குச் சக்கரை எவ்வளவு போடுவாங்கன்னு கேளு" என்று அம்மா சமையலறை வாசலில் நின்று என்னிடம் சொல்வாள். அத்தை அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். "எனக்கு எப்படி இருந்தாலும் போதுமுன்னு சொல்லு சாமி" என்று அத்தையும் என்னிடமே சொல்வார்.

அம்மாவுக்குப் பேசாமல் இருக்க வராது. மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களோடு, ஆட்டோக்காரரோடு, டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியோடு, எல்லோரோடும் பேசிப் பழகியவள். அத்தைக்குப் பேச்சு ஒரு செலவு மாதிரி. தேவைக்குத்தான் எடுப்பார். காலையில் எனக்கு முன்னால் எழுந்து, என் கால்மாட்டில் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

என் கணவர் இதைப் பார்த்துவிட்டு, கூடத்தில் இருந்த டிவியைக் கழற்றிப் படுக்கையறைச் சுவரில் மாட்டிவிட்டார். "எதையாவது பாருங்க, இல்லைன்னா வீடு இறுகிப்போயிரும்" என்றார்.

முதலில் அம்மாவின் படம் வந்தது. அவள் கல்யாணத்துக்கு முன்பு தங்கைகளோடு சேலத்தில் தியேட்டரில் பார்த்த பழைய படம். கதை இதுதான். ஓர் அக்கா, ஒரு தங்கை. அக்கா பிடிவாதக்காரி. தங்கை அவள் பேச்சை மீறி ஒருவனைக் கட்டிக்கொண்டு போகிறாள். அத்தோடு பேச்சு அறுந்துபோகிறது. வருடங்கள் கழித்து அக்காவை உயிர்போகிற நிலையில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே தங்கை நர்ஸ். வெளியே மழை. விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. வராந்தாவில் அக்கா தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, தங்கை அதைப் பிடித்துக்கொண்டு, இருவரும் மனசில் இருந்ததை எல்லாம் பேசித் தீர்க்கிறார்கள். பேச்சு முடிகிற இடத்தில் முன்பு வந்த தாலாட்டு மறுபடியும் வருகிறது, அக்கா பிழைத்துக்கொள்கிறாள். அம்மாவுக்கு வசனம் முழுக்கப் பாடம். நடிகைகளுக்கு அரை நொடி முன்னாலேயே அவள் உதடு அசையும்.

படம் முடிந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "படம்னா இது" என்றாள்.

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அத்தையின் படம். அது புதிய படம். என் கணவர் எப்போதோ மோகனூர் வீட்டில் போட்டுக் காட்டியது. அத்தைக்கு அதன் பெயர்கூட நினைவில்லை. "அந்த லாரிக்காரர் படம்" என்று கேட்டார். அவராகக் கேட்ட ஒரே பொருள் அதுதான் என்பதால் உடனே தேடிப் போட்டோம்.

அதில் பாட்டு இல்லை. பின்னணி இசைகூட இல்லை என்றே சொல்ல வேண்டும். மிக்ஸி ஓடுகிற சத்தம், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம், தூரத்தில் ஒரு ஹாரன். வடக்கே லோடு ஏற்றிப் போன ஒரு லாரி டிரைவர் வெகுநாள் கழித்து வீட்டுக்கு வருகிறான். மனைவி சோறு போடுகிறாள், தோசை சுடுகிறாள். அவன் தூங்குகிறான். அவள் அவன் சட்டையைத் துவைக்கிறாள். இருவரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நடுவில் ஒருநாள் அவள் ஒரு பையில் தன் துணிகளை எடுத்து வைப்பதை நாம் பார்க்கிறோம். அவன் பார்த்தானா இல்லையா என்று தெரியாது. கடைசியில் அவள் பையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். பஸ் வந்து அவளை மறைத்து நிற்கிறது. கிளம்புகிற சத்தம் கேட்கிறது. பஸ் நகர்வதற்குள் திரை கறுத்துவிடுகிறது.

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேர்கள் மேலே ஓட ஆரம்பித்தன.

"முடிஞ்சு போச்சா?"

"முடிஞ்சுது."

"என்னடி இது? அவ பஸ்ஸுல ஏறுனாளா இல்லையா?"

"அதை நாமதான் நினைச்சுக்கணும்மா."

"காசு வாங்கிட்டுப் படம் எடுத்தவன் அவன். நினைக்கிறது நானா?"

அப்போதுதான் அத்தை முதன்முறையாக, என் வழியாக அல்லாமல், நேராக அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "ஏறலீங்க."

அம்மா திரும்பினாள். "எப்படிச் சொல்றீங்க?"

"பைய மண்ணுல வெச்சிருந்தாளுங்க. போறவ கையில புடிச்சிருப்பா."

அன்றைக்குத் தொடங்கியது. அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஒருவர் ரசம் தாளிக்கும்போதும் மற்றவர் மாடியில் துணி காயப்போடும்போதும் அதே வழக்கு. நடுவில் கட்டிலில் படுத்திருந்த நான்தான் நீதிபதி.

"வீட்டுல தினம் தோசை சுடறேன். அதைப் பாக்கத் தியேட்டருக்கு எதுக்குப் போகணும்?" என்பாள் அம்மா.

"அந்தப் புள்ள நெசமா சுடறாளுங்க. மொதத் தோச பிஞ்சு போவுது பாருங்க. உங்க படத்துல ஆஸ்பத்திரியில சாவக் கெடக்கறவங்களுக்குப் பொட்டுக்கூட அழியலீங்களே."

"பொட்டு அழியலைன்னா என்ன? மனசுல இருக்கிறதை வாய்விட்டுச் சொல்றாங்கல்ல. நம்ம வீட்டுல யாரு சொல்றா? சினிமாவுலயாவது ஒருத்தர் சொல்லட்டுமே!"

இது எனக்குச் சரியாகவே பட்டது. அம்மாவின் படத்தில் வேறு நல்லதுகளும் இருந்தன. வார்டு கூட்டுகிற அம்மாளுக்குக்கூட ஒரு கதை இருந்தது, ஒரு சிரிப்பு இருந்தது. சாம்பாரைக் கிளறிவிட்டு வந்தாலும் விட்ட இடம் தெரியும். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து அழலாம். அத்தையின் படத்தில் முகத்தைத் திருப்பினால் போயிற்று. அவன் தண்ணீர் குடித்த டம்ளரை அவள் கழுவாமல் மேடையிலேயே வைத்துவிட்டுப் போகிற இடத்தை நான் முதல்முறை தவறவிட்டேன். இரண்டாம் முறை பார்த்தபோது அந்த டம்ளரைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அம்மாவின் படம் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனது. அத்தையின் படம் என்னைத் தனியே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் போனது. எது மேல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்பேன். இருவருக்கும் கோபம் வரும்.

ஒரு மத்தியானம் அம்மா தன் படத்தை மறுபடியும் போட்டாள். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். வராந்தா காட்சி வந்தபோது மெதுவாகத் திறந்து பார்த்தேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். வெங்காயம் எப்போதோ உரித்து முடித்திருந்தார். அம்மாவும் பார்த்துவிட்டாள். அவள் சுபாவத்துக்கு அதை ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டிவியின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

அத்தையிடம் நான் ஒருநாள் கேட்டேன். அம்மா கடைக்குப் போயிருந்தாள். "அத்தை, அந்தப் பொண்ணு பஸ்ஸுல ஏறலைன்னு உங்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயம்?"

அத்தை என் தலையை மடியில் வைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"உங்க மாமா ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுனவரு. வாயே தொறக்க மாட்டாரு. ஒருக்கா எனக்குப் பொறுக்க முடியாம எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டேன். நாலஞ்சு நாளு கழிச்சு வந்தாரு. வந்து உக்காந்தாரு. எங்கம்மா காபி குடுத்துச்சு, குடிச்சாரு. ஒரு வார்த்த பேசல. எந்திரிச்சுப் போயி எம் பைய எடுத்து வண்டியில மாட்டிக்கிட்டு நின்னாரு."

"நீங்க?"

"நா போயி ஏறி உக்காந்துக்கிட்டேன்."

எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுச் சீப்பை எடுத்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நல்லாத்தான் சாமி இருந்திருக்கும்" என்றார் பிறகு. "அவரு போயிச் சேர்ந்தப்பறம் நெனச்சுப் பாத்தா, அந்தப் பையத்தான் நெனக்க முடியுது. சொன்னதுன்னு ஒண்ணுமில்ல."

மாமாவை நான் பார்த்ததில்லை. கணவர் கல்லூரியில் சேருமுன்பே அவர் இறந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவரைக் கொஞ்சம் பார்த்தது போல இருந்தது.

எட்டாம் மாதம் முடிகிற சமயத்தில் ஒரு முற்பகல், பாத்ரூமிலிருந்து வெளியே வந்தேன். கால் வழியே சூடாக ஏதோ இறங்கியது. குனிந்து பார்த்தேன். ரத்தம். "அம்மா" என்று கத்தினேன். இருவருமே ஓடிவந்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அத்தை என்னைத் தாங்கிக் கட்டிலில் கிடத்தி, காலுக்குக் கீழே தலையணையை வைத்தார். அதற்குள் அம்மாவுக்குத் தெளிவு வந்து, ஆம்புலன்சைக் கூப்பிட்டு, அது தெருவுக்குள் வர வழியில் நின்ற வண்டியை எடுக்கச் சொல்லி மாடியிலிருந்தே சத்தம் போட்டு, என் ஸ்கேன் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆம்புலன்சில் ஒரு கையை அம்மாவும் மறு கையை அத்தையும் பிடித்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மானிட்டரில் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை, ரத்தம் நின்றுகொண்டு வருகிறது, பார்ப்போம் என்றார் டாக்டர். என்னை ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்தார்கள். கணவர் பட்டறையிலிருந்து வந்து, ரத்த வங்கியில் ரத்தம் சொல்லி வைக்க ஓடினார். திரைக்கு அந்தப் பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அம்மாவும் அத்தையும் அதில் உட்கார்ந்தது எனக்குச் சத்தத்திலிருந்து தெரிந்தது. நான் தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அம்மா ஓர் இடத்தில் உட்கார்ந்து இத்தனை நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. முதலில் பேசியது அத்தை.

"ஏனுங்க, நா ஒண்ணு சொல்லோணும். மனசுல வெச்சுக்கிட்டே இருக்கறன். இன்னைக்குச் சொல்லிப்போடறன்."

அம்மாவின் நாற்காலி அவர் பக்கம் திரும்பிய சத்தம் கேட்டது.

"ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நீங்க வரலீன்னு எனக்கு உங்க மேல நெம்பக் கோவமுங்க. அந்தப் புள்ள வாசலையே பாத்துக்கிட்டு நின்னா. பெத்தவ வெக்க வேண்டிய பூவ நா வெக்கறனேன்னு இருந்துது. இன்னைக்கு நீங்க செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னதப் பாத்தனுங்க. அதுக்கப்பறம் கோவம் இல்லீங்க. அதத்தான் சொல்லோணும்னு."

அத்தை அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

திரைக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஏதாவது பெரிதாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"வந்தேங்க."

"என்னங்க?"

"அன்னைக்கு வந்தேன். வீட்டுல கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு, ஒரு பட்டுப்புடவை எடுத்துப் பையில வெச்சுக்கிட்டு, சேலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். நாமக்கல் பஸ் நிக்குது. கண்டக்டர் நாமக்கல் நாமக்கல்னு கூப்பிடறாரு. வீட்டுல அவரு என்ன சொல்லுவாரோ, கடைவீதியில என்ன பேசுவாங்களோன்னு நினைச்சு நினைச்சு... கால் எழும்பலை. பஸ் போயிருச்சு. அடுத்ததும் வந்துச்சு. அதுவும் போயிருச்சு. அப்புறம் டவுன் பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போயிட்டேன். இதை இன்னைக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லை, சம்பந்தியம்மா."

சம்பந்தியம்மா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

எனக்குக் காதோரமாகக் கண்ணீர் இறங்கித் தலையணைக்குள் போனது. துடைக்கக் கையைத் தூக்கினால் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாய் ஆடும், அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அப்படியே கிடந்தேன். அந்த இரண்டாம் பஸ்தான் என்னை உலுக்கியது. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு, இன்னொன்றுக்கும் காத்துக்கொண்டு, வெயிலில் அந்தப் பையோடு அம்மா நின்றிருக்கிறாள். நான் அந்நேரம் நாமக்கல்லில் வாசலைப் பார்த்துக்கொண்டு, அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் பிளாஸ்கின் மூடி திருகுகிற சத்தம் கேட்டது. காபி ஊற்றுகிற சத்தம்.

"குடிங்க" என்றார் அத்தை. "காத்தால இருந்து நீங்க ஒண்ணுமே குடிக்கலீங்க."

அன்றைக்குக் கேட்டதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தப் பட்டுப்புடவை என்ன நிறம், இப்போது எங்கே இருக்கிறது என்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வாள். அவள் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றாவது அவளுக்கு இருக்கட்டும் என்று தோன்றியது.

அதன்பிறகு டாக்டர் வீட்டுக்கு விடவில்லை. சில வாரங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே இருந்தேன். கடைசியில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, குரல் குறைவில்லை. யார் முதலில் வாங்குவது என்று நர்ஸ் கேட்டபோது, அம்மா அத்தையை முன்னே தள்ள, அத்தை அம்மாவை முன்னே தள்ள, நர்ஸ் அலுத்துப்போய் என் கணவர் கையில் கொடுத்துவிட்டாராம்.

இப்போது அந்த இரண்டு படங்களையும் பற்றி நினைக்கும்போது, ஆஸ்பத்திரியில் கிடந்த பயமான நாட்களில் நான் பார்க்க விரும்பியது அம்மாவின் படத்தைத்தான் என்பது நினைவுக்கு வருகிறது. போனில் சின்னத் திரையில், காதில் மாட்டிக்கொண்டு, அந்த வராந்தாக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். யாரும் சாக மாட்டார்கள், எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள் என்று யாராவது உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பொட்டு அழியாவிட்டால் என்ன? வீட்டுக்கு வந்து, குழந்தை பால் குடித்துத் தூங்கிய பிற்பகல்களில் எனக்குப் பிடித்தது அத்தையின் படம். சத்தமே வைக்காமல் பார்க்கலாம். மடியில் குழந்தை, திரையில் ஒரு பெண் சட்டை துவைக்கிறாள். அப்போது அவள் முகம் எனக்குப் புரிந்தது. எது சிறந்த படம் என்று இன்றும் கேட்டால், நீங்கள் எந்த நாளில் இருக்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் இருவரையும் நாமக்கல்லில் ஒரு தியேட்டருக்கு அழைத்துப் போனார். புதிதாக வந்த படம், எல்லோரும் பேசிக்கொள்கிற படம். அத்தை தியேட்டருக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அம்மா அவருக்குத் தன் பவுடர் டப்பாவைக் கொடுத்தாள். அத்தை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் படியில் இருவர் சிரிப்பும் கேட்டது. கதவைத் திறந்தேன்.

"படம் எப்படிம்மா?"

அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கதை என்னமோ ஓடுச்சு" என்றாள். "இவங்க இன்டர்வெல்லுக்கு முன்னாடியே தூங்கிட்டாங்க."

"நீங்க மட்டும் முழிச்சிருந்தீங்களாக்கும்?" என்றார் அத்தை. "எந்தோளு மேலதான சாஞ்சிருந்தீங்க!"

"ஏசி நல்லா இருந்துச்சுடி."

"நெம்பக் குளுருச்சுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே துண்டு."

பின்னால் என் கணவர் பாப்கார்ன் பொட்டலத்தோடு ஏறிவந்தார். படம் முழுக்கப் பார்த்தது அவர் ஒருவர்தான். கதையைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளே குழந்தை அழுதது. அம்மாவும் அத்தையும் கைகால் கழுவ ஒரே நேரத்தில் குழாயடிக்கு ஓடினார்கள்.